மாஸ்டரா, ரெல்லா? மீடியாவிக்கி நீட்சிகளை எந்தக் கிளையிலிருந்து இறக்குவது

கொடிக்கால்:
"நீட்சி எதுவானாலும் மாஸ்டர் கிளையை இறக்கிப் போடுங்கள், ரெல் கிளையெல்லாம் பழம்பஞ்சாங்கம்" என்று மாலைநேரம் என்ற உறுப்பினர் நேற்று ஒரு புதியவருக்குச் சொல்லியிருக்கிறார். (நீட்சி என்பது விக்கிக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரல். அதன் நிரல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் கிளை மாஸ்டர், ஒரு வெளியீட்டுக்கென்று பிரித்து வைத்தது ரெல்.) படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொள்ளும் நூலக விக்கி, மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளின் 1.39 பதிப்பில் ஓடுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் இதையேதான் செய்தேன். நீட்சியின் விவரங்கள் இருக்கும் எக்ஸ்டென்ஷன்.ஜேசன் கோப்பில் 'ரிக்வயர்ஸ்' (தேவைகள்) என்ற இடத்தில் மீடியாவிக்கி 1.43 வேண்டும் என்று ஒரு வரி. மொத்த விக்கியும் படுத்துவிட்டது. முதற்பக்கம் இல்லை, தேடல் இல்லை, இந்தப் பதிப்புக்கு ஒத்துவராது என்ற பிழைச்செய்தி மட்டும். 1.39 என்றால் ரெல்1_39 கிளைதான்.

மாலைநேரம்:
பெரும்பாலான நீட்சிகளின் பக்கத்தில், எந்தக் கிளை எந்தப் பதிப்புக்கு ஒத்துவரும் என்ற ஒத்திசைவுக் கொள்கை போட்டிருக்கும். சிலவற்றில் மாஸ்டரே பழைய பதிப்புகளையும் தாங்கும். படிக்காமல் போட்டுவிட்டு என்மேல் ஏன் பாய்கிறீர்கள்?

கொடிக்கால்:
நீங்கள் 'சில' என்றா சொன்னீர்கள்? 'எதுவானாலும்' என்றீர்கள். ரிக்வயர்ஸ் வரிக்குப் பதில் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
நீட்சி என்ன நீட்சி? செருகுநிரல் என்று நல்ல சொல் இருக்கிறதே. டோக்குவிக்கி என்ற வேறு விக்கி மென்பொருளுக்கு வாருங்கள், தரவுத்தளமே கிடையாது. நிர்வாகப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் நிறுவிவிடும்.

செந்தூரன்78:
டோக்குவிக்கியில் அது செருகுநிரல், மீடியாவிக்கியில் இது நீட்சி. சொல் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள். மாலைநேரத்துக்கு ஒரு கேள்வி. உங்கள் நீட்சியின் தமிழ் மொழிக்கோப்பில் பதினேழு பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். ஒரே வரியில் தள்ளினீர்கள். நினைவிருக்கிறதா?

மாலைநேரம்:
இருக்கிறது. மொழிபெயர்ப்பு டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளம் வழியாக வரவேண்டும். கோப்பில் நேராகத் திருத்தினால் அடுத்த ஏற்றுமதி அதை அழித்துவிடும். அப்போதே சொன்னேன்.

செந்தூரன்78:
சொன்ன விதம் எப்படி? இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தவனிடம் பேசுகிற பேச்சா அது?

கொடிக்கால்:
மொழிபெயர்ப்பை அப்புறம் பார்க்கலாம். நீட்சி எழுதுகிறவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மீடியாவிக்கியின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு ரெல் கிளை பிரிப்பது, 1.39, 1.43 போன்று நீண்டகால ஆதரவுக்கென வெளியான பதிப்புகளில் நிற்கிற எங்களைப் போன்றவர்களுக்காகவும்தான். மாஸ்டரில் உள்நிரலின் புதுச் செயற்கூறு ஒன்றைக் கூப்பிட்டிருப்பார்கள், அது 1.39இல் இருக்காது. ரிக்வயர்ஸ் வரி எழுதியிருந்தால் உடனே தெரியும். அதை எழுதாமல் விட்ட நீட்சி இன்னும் மோசம், நிறுவும்போது வாயே திறக்காது. யாரோ ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமிக்கும்போதுதான் உடையும்.

மாலைநேரம்:
அப்படியானால் காப்புப்படி எடுத்துவிட்டு, சோதனை விக்கியில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்தீர்களா?

கொடிக்கால்:
காப்புப்படி இருந்ததால்தான் நூலகம் பிழைத்தது. பேச்சை மாற்றாதீர்கள். 'எதுவானாலும்' என்று எழுதினீர்களா இல்லையா?

நிலாமுற்றம்:
டோக்குவிக்கியில் இந்தத் தொல்லையே கிடையாது.

செந்தூரன்78:
உங்களை யார் கேட்டார்கள்?

மாலைநேரம்:
பத்து வருஷமாக மாஸ்டரில்தான் ஓட்டுகிறேன். ஒருநாளும் விழுந்ததில்லை.

கொடிக்கால்:
உங்கள் விக்கி மாஸ்டரில் ஓடுகிறது, நீட்சியும் மாஸ்டர். எப்படி விழும்? அந்தப் புதியவர் வைத்திருப்பது 1.39. ரிக்வயர்ஸ் வரிக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாலைநேரம்:
வந்துவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.