கிராஃபைட் இருக்கக் கிராஃபீன் எதற்கு?

ஓசூர்வாசி:
போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகள் வந்ததிலிருந்து, இங்குள்ள பொறியியல் மாணவர்கள் பலர் தங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு லித்தியம் மின்கலத்துக்கான கிராஃபீன் எதிர்மின்முனையையே (மின்னேற்றும்போது லித்தியம் வந்து தங்கும் முனை) தேர்ந்தெடுக்கிறார்கள். கிராஃபீன் என்பது கிராஃபைட்டிலிருந்து பிரித்த, ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். அது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. விலை குறைந்த கிராஃபைட்டே கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி வரை மின்னூட்டம் கொள்ளும். ஒற்றை அடுக்குக் கிராஃபீனின் பரப்போ கோட்பாட்டளவில் கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். முதன்முறை மின்னேற்றும்போது மின்பகுளி (முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவம்) சிதைந்து அந்தப் பரப்பில் படலமாகப் படியும். படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. பரப்பு கூடக் கூட அந்த இழப்பும் கூடும்.

தருமபுரி ஆசிரியர்:
ஐயா, நீங்கள் கிராஃபீன் போன்ற நானோ கார்பனை லித்தியத்தைச் சேமிக்கும் பொருளாக மட்டுமே வைத்து எடைபோடுகிறீர்கள். சிலிக்கான் கிராமுக்கு ஏறத்தாழ 3,600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். ஆனால் லித்தியம் ஏறும்போது ஏறத்தாழ நான்கு மடங்காகப் பருத்து, இறங்கும்போது சுருங்கி, துகள்கள் நொறுங்கி ஒன்றோடொன்று மின்தொடர்பை இழக்கின்றன. மின்கடத்தியாக வழக்கமாகக் கலக்கும் கரிப்பொடி துகளை ஆங்காங்கே புள்ளியாகத்தான் தொடும் என்பதால் அந்தத் தொடர்பை அதனால் காக்க இயலாது. நீண்ட கார்பன் நானோகுழாய்கள் (கிராஃபீன் தாளைச் சுருட்டியது போன்ற நுண்குழாய்கள்) வலையாகப் படர்ந்திருப்பதால், துகள் நகர்ந்தாலும் பிடி விடுவதில்லை. எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே போதும்.

ஓசூர்வாசி:
அந்த 1 சதவீதத்தைக் கலப்பதில்தான் பெரும்பாடு இருக்கிறது. குழாய்கள் சிக்குப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பிரிக்காமல் மின்முனைக் கலவையைச் செம்புத் தாளில் பூசினால், பூசும் கத்தியில் கட்டி மாட்டி நெடுகக் கீறல் விழும். கடத்தியாகச் சேர்ப்பதை நான் மறுக்கவில்லை. அதையே மின்முனையாக முன்னிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

காவேரிப்பட்டணத்தான்:
இருவரும் லித்தியத்தையே பேசுகிறீர்கள். லித்தியத்துக்குப் பதில் சோடியத்தைப் பயன்படுத்தும் மின்கலங்களும் உண்டு. சோடியம் கிராஃபைட் அடுக்குகளுக்குள் எளிதில் நுழையாது. அதற்குக் கடின கார்பன், அதாவது அடுக்குகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் கார்பன், வேண்டும். தேங்காய் ஓட்டைக் காற்றுப் படாமல் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு அதைச் செய்கிறார்கள். எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் கொட்டை குவிகிறது. அதன் ஓட்டையும் சுட்டுப் பார்க்கலாமே?

தருமபுரி ஆசிரியர்:
தாராளமாகப் பார்க்கலாம் தம்பி. முதலில் ஓட்டிலுள்ள பொட்டாசியம், கால்சியம் உப்புகளை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும். கடின கார்பனிலும் சோடியம் தங்க உதவுபவை நானோமீட்டர் அளவுத் துளைகளே. ஆனால் அவை மின்பகுளி புகாத மூடிய துளைகளாக இருக்க வேண்டும். ஐயா பரப்பைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

ஓசூர்வாசி:
அப்படியானால், முதல் மின்னேற்றத்தில் ஏற்றியதில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பதை மாணவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதட்டும். அந்த எண் இல்லாத எந்தத் திட்டத்தையும், அது மாங்கொட்டையானாலும் கிராஃபீனானாலும், நான் ஏற்க மாட்டேன்.