சங்கக் கட்டடத்தை விற்பதா, வைத்திருப்பதா? தலைவர் முடிவெடுக்க மாட்டேன் என்கிறார்

ஜார்ஜ்டவுன்_செயலாளர்:
பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கள் சங்கத்துக்குப் பழைய கடைவீடு ஒன்று இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, மாடிப்படியில் கரையான். விற்றுவிட்டு பட்டர்வொர்த்தில் இடம் வாங்கலாம் என்று செயலவையில் பாதிப்பேர். தாத்தா காலத்துச் சொத்து என்று மீதிப்பேர். தலைவர் ஆறப்போடுகிறார். பெரிய தலைவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்கிறார்கள்?

பாயான்_லெப்பாஸ்_ஓய்வாளர்:
தம்பி, நம்ம ஊர்க் கதையையே பாருங்க. 1969ல பினாங்கோட வரியில்லாத் துறைமுக அந்தஸ்து போச்சு. அந்த வருஷம் முதலமைச்சரான லிம் சோங் இயூ பழைய வியாபாரத்தையே கட்டிக்கிட்டு அழல. வயலா கிடந்த பாயான் லெப்பாஸ்ல 1972ல வரியில்லா வணிக வட்டாரம் வந்துச்சு, இன்டெல் வந்துச்சு. ஷிப்ட் பஸ்ஸெல்லாம் நம்ம பொண்ணுங்கதான். சம்பளம் குறைச்சல், அதையும் சொல்லணும்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
1998ஐ விட்டுட்டீங்களே அண்ணே, ஆசிய நிதி நெருக்கடி நேரம். செப்டம்பர் 1ல் மூலதனக் கட்டுப்பாடு (பணம் நாட்டை விட்டு ஓடாமல் தடை), மறுநாள் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்டார் அப்போதைய பிரதமர் மகாதீர். சரியா தப்பா என்று இன்னமும் சண்டை, ஐ.எம்.எஃப். (அனைத்துலகப் பண நிதியம்) கடன் வாங்கிய தாய்லாந்தும் எழுந்து நின்றதே. எனக்குப் பிடித்தது வேறு: ஆலை, தொழிலில் வெளிநாட்டார் போட்ட நேரடி முதலீட்டைத் தொடவில்லை. பங்குச்சந்தையில் போட்ட வெளிநாட்டுப் பணத்தை ஓராண்டு வெளியே எடுக்கக் கூடாது என்ற பூட்டை, 1999 பிப்ரவரியிலேயே எடுத்தால் வரி என்று தளர்த்தினார்கள். 3.80 மட்டும் 2005 ஜூலை வரை நீண்டது.

அவர்கள் போட்ட பூட்டைப் பிறகு தளர்த்த முடிந்தது; கட்டடத்தை விற்றால் திரும்பாது லா. முதலில் வாடகைக்கு விட்டுப் பாருங்கள். யுனெஸ்கோ வட்டாரம் என்பதால் கூரையில் கை வைக்கும் முன் மாநகர் மன்றத்தில் கேளுங்கள்.

ஜார்ஜ்டவுன்_செயலாளர்:
வாடகை யோசனையை யாருமே எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.