சம்பா பணத்தைக் குறுவை வரை எங்கே வைப்பது?

கேள்வி (மன்னார்குடி):
கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த தொகையில், கடன் போக ஆறு லட்சம் ரூபாய் மீதமிருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் உழவுக்கும் விதைக்கும் அதில் பாதி தேவைப்படும். செல்பேசியிலேயே தொடங்கும் சேமிப்புக் கணக்குக்கு ஒரு சிறிய வங்கி கூடுதல் வட்டி தருவதாக மகன் சொல்கிறான். அஞ்சலகமே போதும் என்பது மனைவியின் எண்ணம். எது நல்லது?

பதில் (கும்பகோணம்):
ஐயா, வட்டிக்கு முன் காப்பீட்டைப் பாருங்கள். வங்கி நொடித்துப்போனால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் கிடைக்கும். 2020 வரை அது ஒரு லட்சமாகவே இருந்தது. ஒரே வங்கியின் பல கிளைகளில் போட்டாலும் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும் என்பதால், இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள். நம் பக்கத்தில் பலர் கவனிக்காதது இது: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வைப்புகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு.

பதில் (திருவையாறு):
அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீத வட்டி உண்டு. ஆனால் மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரையிலான குறைந்த இருப்புக்கே அது கணக்கிடப்படும். வங்கிகளிலோ அன்றாட இருப்புக்கு வட்டி. அஞ்சலகக் கால வைப்பை ஆறு மாதத்துக்குள் முடிக்க இயலாது. ஆகவே குறுவைப் பணத்தை அதில் போட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குறுவைக்கான மூன்று லட்சத்தை வங்கிச் சேமிப்பிலும், மீதியை அஞ்சலகக் கால வைப்பிலும் போடுகிறேன்.