பெயின்ட் பூத் லைட்: டிவிஷன் 2 பட்டை இருந்தால் சோன் 1க்குச் சரிவருமா?

பியூஸ்போனவன்:
அவசரம். பூத்தைச் சோதிக்க வந்தவர்கள் நாளை மறுநாள் திரும்ப வந்து பார்ப்பார்களாம். புறக்கோட்டையில் வாங்கிய நான்கு லைட்டிலும் கிளாஸ் 1 டிவிஷன் 2 என்று இருக்கிறது (பற்றும் ஆவி உள்ள இடத்துக்கான அமெரிக்கக் குறியாம்), சோதிக்க வந்தவர் தாளில் சோன் 1, ஐஈசி 60079-14 (அதே மாதிரி இடங்களுக்கான சர்வதேசத் தரமாம்) என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டும் ஒன்றா? முதலாளி காசு கட்டிவிட்டார், கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும்.

கொட்டாஞ்சேனை71:
தம்பி, அங்கே என்ன இருக்கிறது? காஸா, தின்னரா, மா ஆலையா? தூசி என்றால் சோன் 21, 22 என்று வேறு கணக்கு. லைட் பூத்துக்கு உள்ளேயா வெளியேயா?

வத்தளை பாஸ்:
ஐபி65 போட்டால் முடிந்தது. தண்ணீரே போகாத லைட்டுக்குள் ஆவி எப்படிப் போகும்? மூன்று பூத்துக்கு அதுதான் போட்டேன், ஒன்றும் வெடிக்கவில்லை.

மூன்றுபேஸ்:
இதுவரை வெடிக்காததைச் சான்றிதழாக ஏற்பார்களா? இங்கே யாரும் படித்துவிட்டு வருவதில்லை, சரி. லைட் அணைந்து ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும், ஆவியும் கூடவே போகும். எக்ஸ் டி பெட்டி (உள்ளே வெடித்தாலும் தாங்கும் உறை) அந்த ஆவியைத் தடுக்கிறது என்று நினைக்க வேண்டாம். உள்ளே வெடித்தாலும் விளிம்பு இடுக்கால் வரும் சுவாலை வெளியே பற்றவைக்காத அளவுக்கு ஆறிவிடும், அவ்வளவுதான். கேள்விக்குப் பதில்: இல்லை. சோன் 0 என்றால் ஆவி எப்போதும் இருக்கும் இடம், 1 வழக்கமான வேலையிலேயே வரக்கூடிய இடம், 2 எப்போதாவது வரும் இடம். அமெரிக்க மின் விதிக்கோவையில் டிவிஷன் 1தான் சோன் 0, 1 இரண்டையும் மூடும். டிவிஷன் 2 ஏறக்குறைய சோன் 2. பட்டையில் குரூப் (எந்த வகை ஆவிக்கு), டி எண் (எவ்வளவு சூடேறும்) என்ன?

பியூஸ்போனவன்:
தின்னர் அண்ணா, கார் பெயின்ட் பூத், சொல்ல மறந்துவிட்டேன். உள்ளே கூரையில். குரூப் சி, டி. டி எண் டி3பி.

மூன்றுபேஸ்:
அவற்றில் பிழையில்லை. டி3பி என்றால் மேற்பரப்பு 165 பாகைக்கு மேல் போகாது, தின்னரில் இருக்கும் டொலுயின் தானாகப் பற்ற 480 பாகையளவு வேண்டும். டிவிஷன்தான் இடிக்கிறது.

கொட்டாஞ்சேனை71:
லைட்டைக் கூரைக்கு வெளியே ஏற்றி, கீழே உறுதியான கண்ணாடி போட்டு ஆவி புகாதபடி அடைக்கலாம். வெளிப்பக்கம் என்ன சோன் என்று வந்தவரிடமே எழுதி வாங்கு.

வத்தளை பாஸ்:
அமெரிக்க லைட் என்றால் 18 அங்குலத்துக்குள் கொண்டுயிட்டில் (வயர் போகும் குழாய்) சீல் ஊற்ற வேண்டும்.

மூன்றுபேஸ்:
கொண்டுயிட்டே இல்லாத இடத்தில் எதற்குள் ஊற்றுவது? இங்கே கவசக் கேபிளும் எக்ஸ் கிளாண்டும் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் பொருத்தி)தான்.

கிராண்ட்பாஸ் நானா:
பூத் கதவடியில் பாலிஷ் மெஷினுக்குப் பிளக் உண்டா? எல்லாக் கராஜிலும் 15 அம்பியர் உருண்டை முள்தான். 2017இல் 13 அம்பியர் சதுர முள்தான் தரம் என்றார்கள், யார் மாற்றினார்கள்?

வத்தளை பாஸ்:
உருண்டை முள்தான் பாரம் தாங்கும் நானா. சதுர முள் சூடேறி உருகும்.

மூன்றுபேஸ்:
உருகுவது மலிவுப் பிளக். கதவடியில் எந்த முள்ளும் வேண்டாம், பொறி பறக்கும்.

பியூஸ்போனவன்:
பட்டையைத் துடைத்துப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கே ஒத்துவராது. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. நன்றி.

வத்தளை பாஸ்:
நானா, 15 அம்பியர் பற்றிச் சொன்னேனே?