புதுப்பிப்பு: உருவகப்படுத்தலில் வெந்நீர் 0 டிகிரிக்குப் போன கதை

90 டிகிரி வெந்நீர் 30 டிகிரி அறையில் ஆறுவதை நியூட்டனின் குளிர்தல் விதிப்படி (ஆறும் வேகம் அறையோடு உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதம்) உருவகப்படுத்தினால், வெப்பநிலை அறைக்கும் கீழே போகிறதே, விதியே தப்பா என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. விதி சரிதான். கோளாறு காலப்படியில், அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் தாவும் நேர அளவில்.

குளிர்தல் மாறிலி (வித்தியாசத்தை இதால் பெருக்கினால் ஆறும் வேகம்) நிமிடத்துக்கு 0.5, காலப்படி 3 நிமிடம். கையால் போட்டுப் பார்த்தேன்: வித்தியாசம் 60, அதை 0.5-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் 90. ஒரே படியில் 90-லிருந்து 0! அடுத்தது 45, அப்புறம் 22.5. இப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் ஆய்லர் முறை, படியின் தொடக்கத்தில் உள்ள வேகத்தையே படி முழுக்கப் பிடித்துக்கொள்கிறது; இடையில் நீர் ஆறி வேகம் குறைவது அதற்குத் தெரியாது. மாறிலியையும் காலப்படியையும் பெருக்கி 1-ஐத் தாண்டினால் இப்படி ஊசலாடும், 2-ஐத் தாண்டினால் எண்கள் வெடித்தே போகும்.

காலப்படியை 0.1 ஆக்கியதும் 3 நிமிட முடிவில் 42.9 வந்தது. 0.05-க்கு 43.1. சூத்திரம் தரும் துல்லிய விடை 43.4.

காலப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை பெரிதாக மாறினால் அந்த வரைபடத்தை நம்பாதீர்கள். சூத்திரமே இல்லாத மாதிரிகளுக்கும் இது பொருந்தும். தொற்றுப் பரவல் மாதிரியில் அடுத்து இதைத்தான் சோதிக்கப் போகிறேன்.