சிறுவர்களுக்கான சரித்திரக் கதையில் வரலாற்றை எவ்வளவு வளைக்கலாம்?

வாசிக்கும் அம்மா:
என் மகளுக்குப் பதினொரு வயது. போன வாரம் ஜான் பாய்ன் எழுதிய 'த பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' நாவலை முடித்தாள். தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாஜி முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் புரூனோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதச் சிறுவன் ஷ்முவேலோடு பல மாதம் பேசிப் பழகுகிறான். கடைசியில் வேலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய் இறந்துவிடுகிறான்.

இரண்டு நாள் அழுதாள். அழுததில் எனக்கு வருத்தமில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்: "வேலிக்கு அடியில நுழைய முடியும்னா, உள்ள இருந்த பசங்க ஏம்மா தப்பிச்சுப் போகல?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதை நடக்கும் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமின் வேலியில் மின்சாரம் பாய்ந்தது, காவல் கோபுரங்கள் இருந்தன. 18 வயது வரையிலான குழந்தைகளும் இளையோருமாக ஏறத்தாழ 2,32,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். வேலைக்கு உதவாத சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோரை வந்த அன்றே விஷவாயு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து பேச அங்கே பொழுதும் இல்லை, எஞ்சிய பிள்ளைகளும் குறைவு. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நூலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020-இல் சொன்னது. எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

பெரியவர்கள் ஒரு நாவலைப் படித்தால் சந்தேகப்படுவோம், தேடிப் பார்ப்போம். குழந்தை அப்படியே நம்பிவிடும். அதனால் சிறார்களுக்கு எழுதும்போது வரலாற்றை வளைக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஏட்டுச்சுவடி:
உங்கள் வலி புரிகிறது அம்மா. ஆனால் 'வளைக்கவே கூடாது' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நாவலுக்கு 'நீதிக்கதை' என்றுதான் ஆசிரியர் பெயர் கொடுத்தார். சரி, அதை விடுங்கள். சரித்திரக் கதை என்றாலே வளைப்பதுதானே? இறந்துபோனவர்கள் வாயில் நாம்தான் வசனம் வைக்கிறோம். யாருமே பார்க்காத அறைக்குள் நாம்தான் விளக்கேற்றி வைக்கிறோம்.

ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1954-இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருந்தது இரண்டே துணுக்கு. ரோமானியரின் ஒன்பதாம் படைப்பிரிவு கி.பி. 117-ஐ ஒட்டி பிரிட்டனின் வடக்கே போய்த் திரும்பவில்லை என்ற நம்பிக்கை ஒன்று. இங்கிலாந்தின் சில்செஸ்டரில் 1866-இல் தோண்டியெடுத்த, இறக்கை இல்லாத வெண்கலக் கழுகு உருவம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத் தைத்து, தந்தையோடு தொலைந்த கழுகுப் படைக்கொடியைத் தேடிப் போகும் ஒரு மகனின் கதையாக்கினார். பிற்பாடு அந்தப் படைப்பிரிவின் தடயங்கள் நெதர்லாந்தின் நைமேகனில் கிடைத்தன. கழுகும் படைக்கொடியில் இருந்தது அல்ல, ஏதோ ஒரு சிலையின் பகுதியாக இருக்கலாம் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கதையின் இரண்டு தூணும் ஆட்டம் கண்டுவிட்டன. உங்கள் அளவுகோலின்படி இதையும் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டும். நான் பதிமூன்று வயதில் இதைப் படித்துவிட்டுத்தான் ரோம வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். அந்தப் படைப்பிரிவு உண்மையில் என்ன ஆனது என்று தெரிந்துகொண்டதே இந்தப் 'பொய்'யால்தான்.

வரலாற்று வாத்தியார்:
ஏட்டுச்சுவடி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். சட்க்ளிஃப் காலத்தில் அந்தப் படைப்பிரிவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. ஏட்டில் ஒரு ஓட்டை இருந்தது, கற்பனையால் அடைத்தார். 2006-இல் வந்த பாய்ன் நாவலின் கதை வேறு. ஆஷ்விட்ஸில் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று அப்போது உலகத்துக்கே தெரியும். தெரிந்ததை ஒதுக்கி வைத்தால்தான் அந்த நட்பு நடக்கும், அந்த வேலி திறக்கும். ஓட்டையை அடைப்பதும் சுவரை இடிப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் மகள் யாருக்காக அழுதாள் அம்மா?

வாசிக்கும் அம்மா:
புரூனோவுக்காக. நீங்கள் கேட்ட பிறகுதான் அவளிடம் கேட்டேன். ஷ்முவேலின் அப்பா என்ன ஆனார் என்பதுகூட அவள் நினைவில் இல்லை.

ஏட்டுச்சுவடி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோடு எங்கே போடுவது, யார் போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கொலம்பஸ் பயணத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் கதாநாயகன் உருளைக்கிழங்கு சாப்பிட்டால் அதுவும் தப்புதான். அதற்காக ஒரு நல்ல நாவலைத் தள்ளிவிடுவோமா?

நூலகவாசி:
குழந்தைகள் நூலகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். சரித்திரக் கதை படித்துக் காட்டினால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது நிஜமா நடந்துச்சா?" அந்தக் கேள்விக்குப் புத்தகமே பதில் சொல்கிறதா என்று பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

லோயிஸ் லௌரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்' தெரியுமா? 1989-இல் வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. களம் நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த 1943-ஆம் வருடத்து டென்மார்க். அங்கே இருந்த யூதர்களில் 7,000-க்கும் மேற்பட்டோரை டேனிஷ் மக்கள் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். கதையில் பத்து வயது ஆன்மரி தன் தோழி எல்லனின் குடும்பம் தப்பிக்க உதவுகிறாள். ஒரு கட்டத்தில் ஒரு கைக்குட்டையை ஓடிப்போய் மாமாவின் படகில் சேர்க்க வேண்டும். வழியில் நாய்களோடு ஜெர்மானியச் சிப்பாய்கள். கைக்குட்டையில் ஏதோ தடவியிருக்கிறது, அதை மோந்தால் நாய்களுக்கு மோப்ப சக்தி போய்விடும், படகில் ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில் என் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் "இது டூப்பு" என்றார்கள். ஆன்மரி நிஜம், கைக்குட்டை பொய் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பின்னுரையை வாசித்துக் காட்டினேன். ஆன்மரிதான் கற்பனை. கைக்குட்டை நிஜம். முயலின் உலர்ந்த ரத்தத்தையும் கொக்கைனையும் கலந்து செய்த பொடி அது. ரத்த வாடைக்கு நாய் மோந்து பார்க்கும், கொக்கைன் அதன் மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

அந்த அறையில் விழுந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். ராஜா தனியாகக் குதிரையில் வீதியில் போனது? நிஜம். வானத்தில் கேட்ட வெடிச்சத்தத்தை அம்மா வாணவேடிக்கை என்று தங்கைக்குச் சொன்னாளே? அம்மா சொன்னது கற்பனை, சத்தம் நிஜம். ஜெர்மானியர் கையில் சிக்காமல் இருக்க டேனிஷ் கடற்படை 1943 ஆகஸ்ட் 29 அன்று தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது.

கற்பனை எங்கே முடிகிறது என்று ஆசிரியரே பிள்ளையிடம் சொல்லிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்யட்டும்.

வாசிக்கும் அம்மா:
அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குப் பின்னுரையை வாசித்துக் காட்ட நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். என் மகள் கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். பின்னுரையே விடுபட்டுப்போன மொழிபெயர்ப்புப் பிரதிகளும் என் கைக்கு வந்திருக்கின்றன. கதைக்குள் சரியாக இல்லாததைக் கடைசி நான்கு பக்கம் சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

பதினேழு வயது வாசகி:
இந்தப் புத்தகங்கள் யாருக்காகவோ அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் பேசுகிறேன்.

தேதி தப்பு, உருளைக்கிழங்கு தப்பு எல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாத்திரங்களின் மனசு தப்பாக இருப்பதுதான் உறுத்துகிறது. பதினான்காம் நூற்றாண்டில் நடக்கும் கதை என்பார்கள், அதில் வரும் பெண் என்னைப் போலவே பேசுவாள். கல்யாணம் வேண்டாம், படிக்க வேண்டும், எல்லோரும் சமம் என்பாள். அவளைச் சுற்றியிருக்கும் எல்லோரும் கெட்டவர்கள். படிக்க ஜாலியாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நானும் இந்த நல்லவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன் என்ற எண்ணத்தோடு புத்தகத்தை மூடுகிறேன். அது பொய். என்னைப் போன்ற சாதாரணப் பிள்ளைகள் அன்றைக்கு ஊர் நம்பியதைத்தான் நம்பியிருப்பார்கள். நல்லவளான ஒருத்தி அநியாயமான ஒன்றைச் சாதாரணமாக நினைப்பதைக் காட்டும் புத்தகம் வேண்டும் எனக்கு. அதைப் படித்தால்தான் பயம் வரும்.

ஏட்டுச்சுவடி:
தங்கச்சி, இந்த விவாதத்திலேயே கனமான கருத்து உன்னுடையதுதான். ஆனால் அந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் குழந்தைப் பருவத்தை வைத்து எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' 1935-இல் வந்தது. அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய வெள்ளையர் குடும்பத்தின் மனசு அதில் துளி பாசாங்கில்லாமல் பதிவாகியிருக்கிறது. அங்கே மனிதர்கள் இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. செவ்விந்தியர்கள் மனிதர்கள் இல்லையா என்று 1952-இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். அதன் பிறகுதான் 'மனிதர்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குடியேறியவர்கள்' என்று மாற்றினார்கள். பதினேழு வருடம் அந்த வரி அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. வைல்டர் பெயரில் இருந்த சிறார் இலக்கிய விருதின் பெயரையே 2018-இல் மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்து மனசை அப்படியே காட்டினால் போதும் என்றால், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான ஓசேஜ் இனத்துப் பிள்ளை ஒன்று அந்த வரியைப் படிக்கும்போது அதற்கு என்ன ஆகும்?

பதினேழு வயது வாசகி:
சரிதான் அண்ணா. ஆனால் அந்த வரியைச் சொல்வது ஒரு பாத்திரமாக இருந்து, அது தப்பு என்று படிப்பவருக்குப் புரியும்படி புத்தகம் எழுதப்பட்டிருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். இதில் புத்தகமே அதை நம்பிக்கொண்டல்லவா சொல்கிறது?

வரலாற்று வாத்தியார்:
அப்படிக் கேள். அம்மா சொன்ன 'வளைக்கக் கூடாது' என்பதில் நானும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஸ்காட் ஓ'டெல் எழுதிய 'ஐலண்ட் ஆஃப் த புளூ டால்ஃபின்ஸ்' கதைக்குப் பின்னால் இருப்பது கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை தனியாக வாழ்ந்த ஒரு பெண். அவளுடைய சொந்தப் பெயரே யாருக்கும் தெரியாது. ஓ'டெல் 'கரானா' என்று பெயர் வைத்தார். அவள் கப்பலேறித் தீவை விட்டுப் போவதோடு கதையை முடித்தார். நிஜத்தில் கரைக்கு வந்த ஏழே வாரத்தில் அவள் இறந்துபோனாள். அதைக் கதைக்குள் அவர் கொண்டுவரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அவள் அங்கே சுகமாகப் பல காலம் வாழ்ந்தாள் என்று எழுதியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

வாசிக்கும் அம்மா:
நிறுத்துவதை ஏற்கிறேன். திருப்பி விடுவதை ஏற்க மாட்டேன். என் முதல் பதிவை இப்போது எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

ஏட்டுச்சுவடி:
நான் பாதி தூரம் வருகிறேன். பாய்ன் நாவலைப் பதினைந்து வயதில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசத் தயாராக இருந்தால், இப்போதும் கொடுப்பேன். அந்தக் கதை எதை மறைத்தது என்று பேசுவதே ஒரு நல்ல பாடம்.

வாசிக்கும் அம்மா:
பதினைந்தில் கொடுங்கள், பதினொன்றில் வேண்டாம். நேற்று இரவு மகளுக்கு அந்தக் கைக்குட்டைப் பொடியைப் பற்றிச் சொன்னேன். "நாய் ஏமாந்துச்சா? எல்லாரும் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தாங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் இல்லை, சிலர் பிடிபட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிடிபட்டவர்களைப் பற்றியும் புத்தகம் இருக்கிறதா என்றாள். நூலகவாசி, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.