வீட்டு முற்றத்தில் ஃபிளைவீல் மாற்றலாமா? (டொயோட்டா டாஸ் 130)

குன்றுமேல்வீடு (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். என்னுடையது 2003 டாஸ் 130. மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது கார் முழுக்க உதறுகிறது. ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம் வருகிறது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் கிளட்ச் செட் மாற்றினேன். கிளட்ச் பிளேட் உராய்கிற கனமான சுழல்தட்டு, அதாவது ஃபிளைவீல், அதைத் தொடாமல் புது பிளேட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். பில்லை இப்போது எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய உதறல். வேறொரு பட்டறையில் ஃபிளைவீலையும் சேர்த்துக் கேட்கிற தொகை, காரை விற்றால் கிடைப்பதில் கால்வாசி. நானும் என் தம்பியும் பிரேக், ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர் எல்லாம் வீட்டிலேயே மாற்றியிருக்கிறோம். ஃபிளைவீலை எட்ட இறக்க வேண்டிய கியர்பாக்ஸை மட்டும் இறக்கியதில்லை. தைப்பூசத்துக்குள் முடித்தால் அம்மாவைக் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்துக்கு இதிலேயே கூட்டிப் போகலாம். துணிந்து இறங்கலாமா?

பழையகராஜ் (ஐசிபிங்கோ):
வேண்டாம் தம்பி. கிளேர்வுட்டில் முப்பது வருஷம் இதே வேலை செய்தவன் சொல்கிறேன்.

முதல் விஷயம், சாட்ஸ்வொர்த்தில் சமதரை உள்ள வீடு எத்தனை? உங்கள் முற்றம் சரிவு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தக் கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைக் கழற்றினால் எஞ்சினைத் தாங்கும் அந்தப் பக்கத்து மவுண்டும் போகும், எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கும். எஞ்சினுக்கு ஒரு தாங்கல், கியர்பாக்ஸுக்கு ஒரு ஜாக், காருக்கு ஸ்டாண்டு. இந்த மூன்றில் ஒன்று நழுவினாலும் கீழே படுத்திருக்கிறவன் கதி என்ன? ஜாக் சரிந்து ஒரு பையனின் கை நசுங்கியதை நேரில் பார்த்தவன் நான்.

இரண்டாவது, உதறல் என்றதும் ஃபிளைவீல்தான் என்று யார் முடிவு செய்தது? எஞ்சின் மவுண்ட் கிழிந்தாலும் உதறும். ஃபிளைவீல் மாட்டியிருக்கும் எஞ்சின் தண்டு, அந்த கிராங்கின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் உதறும். அதைப் பாருங்கள் முதலில்.

மூன்றாவது, இரண்டு மாதத்தில் உதறல் திரும்பியபோதே அந்தப் பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, மாட்டிய பாகத்துக்கும் மாட்டிய கூலிக்கும் மூன்று மாதம் உத்தரவாதம் தருகிறது. எட்டு மாதம் கழித்து அந்தக் கதவு மூடிவிட்டது.

டோங்காட்டான்:
அண்ணே, நீங்கள் பயமுறுத்தியே எல்லாரையும் பட்டறைக்கு அனுப்பிவிடுவீர்கள் போல. என் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் 1800இல் இரண்டு தடவை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். அதில் அமைப்பே தலைகீழ்: கிராங்கில் முதலில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், அதன்மேல் ஃபிளைவீல். அதையே செய்தவனுக்கு டாஸ் பெரிய விஷயமில்லை. டாஸில் ஃபிளைவீல் ஒற்றை இரும்புத் தட்டு, உள்ளே ஸ்பிரிங்கோ கிரீஸோ கிடையாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்று, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ஆயில், டிரைவ் ஷாஃப்ட், மவுண்ட், பெல்ஹவுசிங் (கிளட்சை மூடிய கூடு) போல்ட் என்று வரிசையாகக் கழற்றினால் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை போதும்.

புது ஃபிளைவீலே வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எமரி தாளை வட்டமாகத் தேய்த்துப் பளபளப்பை எடுத்தால் போதும். நான் அப்படித்தான் செய்தேன்.

பீனிக்ஸ்_அக்கா:
எமரி தாள் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. ஆனால் வீட்டில் செய்யக் கூடாது என்பதையும் ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவர் வெளியூர் வேலையில் இருந்தபோது நானும் என் மகனும் எங்கள் கராஜில் கோல்ஃப் 5 டீசலின் கியர்பாக்ஸை இறக்கினோம். அந்தக் காரில் இருப்பது இரட்டைத் தட்டு ஃபிளைவீல். முன்தட்டுக்கும் பின்தட்டுக்கும் நடுவே வளைந்த ஸ்பிரிங்குகள், கிரீஸ் போட்டு அடைத்திருக்கும். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது இது. லேத்தில் கடைந்து சீராக்க முடியாது, கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

எப்படிக் கெட்டது என்று கண்டுபிடித்தோம் என்றால், எஞ்சினை அணைக்கிற நொடியில் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு தட்டல். இறக்கிப் பார்த்தால் விளிம்பெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது.

குன்றுமேல்வீடு தம்பிக்கு இன்னொன்று. பெல்ஹவுசிங்கைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். முன்பு கிளட்ச் பிளேட்டில் சேர்த்த ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) தென்னாப்பிரிக்காவில் 2008இல்தான் தடையானது. பழைய காரில் எந்தக் காலத்து பிளேட் தேய்ந்த தூசி கிடக்கிறதோ. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

டோங்காட்டான்:
அக்கா, டீசலுக்கும் ஒற்றைத் தட்டு கிட் கிடைக்கிறதே. நிறையப் பேர் மாற்றி ஓட்டுகிறார்கள். செலவும் குறைவு.

பீனிக்ஸ்_அக்கா:
ஓட்டுகிறார்கள், தெரியும். அந்த கிட்டில் ஸ்பிரிங்குகள் கிளட்ச் பிளேட்டுக்கு வந்துவிடும். அங்கே இடம் குறைவு, அதனால் அதிர்வை அந்த அளவுக்கு விழுங்காது. மிச்ச அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகும். நியூட்ரலில் நிறுத்தினால் பல்சக்கரங்கள் கடகடவென்று பேசும். ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டுச் சாலையில் ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்தில் இழுக்கும்போது என் அக்கா மகன் காரில் அந்த நடுக்கத்தை என் பல்லிலேயே உணர்ந்தேன். காரை அதிக நாள் வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டாஸுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, விடுங்கள்.

பழையகராஜ்:
எமரி தாள் பற்றிப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஃபிளைவீலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உராய்ந்த பட்டையில் நீலமும் கறுப்புமாக நாணயம் அளவுக்குத் திட்டுகள் இருக்கும். மேட்டில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே காரைப் பிடித்து நிறுத்துகிறவர்களின் வண்டியில் இது கட்டாயம் உண்டு. அந்த இடம் மட்டும் கடுமையாகச் சூடேறி, சுற்றியுள்ள இரும்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்ச, அப்படியே இறுகிப்போகிறது. அரத்தை வைத்தால் வழுக்கும். எமரி தாள் என்ன செய்யும்? சுற்றியுள்ள மெத்தென்ற இரும்பைத் தின்னும், திட்டைத் தொடாது. அப்போது திட்டு இன்னும் மேடாகும். பிளேட் அதன்மேல் ஏறி இறங்கும். உதறல் அதுதான்.

லேத்தில் கடைந்தாலும் முனை அந்தத் திட்டில் எகிறும். கல் வைத்து அரைக்கிற மெஷின்தான் சரி. அதிலும் திட்டு ஆழமாகப் போயிருந்தால் அரைத்தபிறகும் நிழல் மாதிரி தெரியும். அப்போது புதுசுதான்.

டோங்காட்டான் தம்பி, இரண்டு தடவை கழற்றினேன் என்றீர்களே. ஏன் இரண்டாம் தடவை கழற்ற வேண்டி வந்தது?

டோங்காட்டான்:
ஒரு வருஷத்தில் மறுபடி உதறியது. பிளேட் மட்டமான சரக்கு என்று நினைத்தேன். சரி அண்ணே, அதை யோசிக்கிறேன். ஆனால் வீட்டில் செய்யலாம் என்பதில் நான் மாறவில்லை. கழற்றுவது வீட்டில், அரைப்பது மெஷின் கடையில். அதற்கு எதற்குப் பட்டறைக்கு முழுக்கூலி?

பழையகராஜ்:
தரை சமமாக இருந்தால், தாங்கல் முறையாக இருந்தால், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால். இந்த மூன்றும் இல்லாமல் நான் சம்மதிக்கமாட்டேன்.

குன்றுமேல்வீடு:
எல்லாருக்கும் நன்றி. பழையகராஜ் ஐயா சொன்னது சரி, எங்கள் முற்றம் சரிவுதான். அதனால் மெரிபேங்கில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே சிமென்ட் தரை, பந்து வைத்தாலும் உருளாது. எஞ்சினை மேலிருந்து தாங்க ஒரு கம்பிச் சட்டம் வாடகைக்கு எடுத்தோம். மவுண்டுகளை முதலில் பார்த்தேன், நன்றாக இருந்தன.

கியர்பாக்ஸை இழுக்கும்போது ஒரு இடத்தில் சிக்கியது. என் தம்பி கடப்பாரையைக் கொண்டுவந்தான். சித்தப்பா வேண்டாம் என்று தடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே ஒரு போல்ட்டை நாங்கள் கழற்றவே இல்லை.

ஃபிளைவீல் ஐயா சொன்னபடியேதான். ஏழு நீலத் திட்டுகள், நடுவே மயிரிழை மாதிரி விரிசல்கள். நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. ஜேக்கப்ஸில் ஒரு மெஷின் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, விரிசல் விட்டதை அரைத்துக் கொடுக்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தார். புதுசு வாங்கினோம். பழையதையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ரிங் கியர் பற்கள், போல்ட் ஓட்டைகள், உயரம் எல்லாம் ஒத்துப்பார்த்தோம். கிராங்க் பின்சீலில் லேசான ஈரம் தெரிந்ததால் அதையும் மாற்றினோம்.

பழையகராஜ்:
ஃபிளைவீல் போல்ட்?

குன்றுமேல்வீடு:
ஆறும் புதுசு ஐயா. கிராங்க் முகத்தைத் துடைத்து, மரையில் கழலாமல் பிடிக்கிற பசை தடவி, எதிரெதிராக மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். கடைசிச் சுற்று கையேட்டில் உள்ள அளவுக்கு. ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை சித்தப்பாவின் நண்பர் கொண்டுவந்தார். ஃபிளைவீல் முகத்தின் ஆட்டம் 0.04 மில்லிமீட்டர்.

பழையகராஜ்:
0.1 வரை ஒத்துக்கொள்ளலாம். நன்றாகச் செய்திருக்கிறீர்கள். முகத்தில் பூசி வருகிற துருத்தடுப்பு எண்ணெயைத் துடைத்தீர்களா?

குன்றுமேல்வீடு:
பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைத்தோம். அதன்பிறகு யாரும் கை வைக்கவில்லை. ரிலீஸ் பேரிங்கும் புதுசு. கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த பிளாஸ்டிக் ஊசி வைத்தோம், கியர்பாக்ஸ் இரண்டாம் முயற்சியிலேயே உள்ளே போனது. அது தொங்கிப் பிளேட்டை வளைத்துவிடாமல், போல்ட் பிடிக்கிறவரைக்கும் ஜாக்கை விடவில்லை. மொத்தம் இரண்டு சனிக்கிழமை ஆனது.

நேற்று மெரிபேங்கிலிருந்து வீட்டு மேடு ஏறினேன். எங்கள் தெருமுனையில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளம்பினேன். உதறல் இல்லை.

டோங்காட்டான்:
சொன்னேனே! இனி ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்.

பழையகராஜ்:
வேண்டாம். புது பிளேட்டும் புது முகமும் இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை. முதல் 500 கிலோமீட்டருக்கு ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள், சுமை ஏற்றாதீர்கள். மேட்டில் நின்றால் கை பிரேக்கைப் போடுங்கள், கிளட்சில் பிடிக்காதீர்கள். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே.

குன்றுமேல்வீடு:
சரி ஐயா. என் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். கிளட்சில் பிடிக்கிறவன் அவன்தான்.